உலக்கை நின்ற அமாவாசை

எங்கள் தெருவில் என்னைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் உலக்கையைத்தான் சொல்வார்கள். பி.எஸ்ஸி. படித்தது, மெட்ராஸில் பத்திரிகை வேலை பார்த்தது, என் பெயர் போட்டு ஏழெட்டுப் புத்தகம் வந்தது எல்லாம் அப்புறம்தான். "நல்லதம்பி மக கண்ணாத்தாளா? தெருவையே பட்டினி போட்டவளாச்சே!" இப்போதும் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் யாராவது ஒருத்தி இதைச் சொல்லிச் சிரிக்காமல் விடுவதில்லை. சிரிக்கட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அது 1955. சமஸ்தானம் போய் ஏழு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அப்பா புதுக்கோட்டைக்குக் கிளம்பும்போது "ராஜா ஊருக்குப் போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வார். அவருக்குக் கடலை வியாபாரம். நான் பதினொன்றாம் வகுப்பு, எஸ்.எஸ்.எல்.சி. எங்கள் தெருவில் அதுவரை படித்த பெண் நான் ஒருத்திதான்.

எனக்கு இரண்டு பைத்தியம். ஒன்று எழுதுவது, இன்னொன்று விஞ்ஞானம். இரண்டும் ஒரே உடம்பில் இருந்ததுதான் வம்பு. விஞ்ஞானப் பரீட்சையில் பிராணவாயுவைப் பற்றி எழுதும்போது, 'இவன் தானும் எரியமாட்டான், பக்கத்தில் எரிகிறவனையும் சும்மா விடமாட்டான், நம் ஊர்க் கோள்மூட்டி மாதிரி' என்று எழுதினேன். இது விஞ்ஞானமா கதையா என்று கேட்டு வாத்தியார் மார்க்கைக் குறைத்தார். தமிழ்க் கட்டுரையில் நிலவுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தை எழுதினேன். இது கட்டுரையா கணக்கா என்று தமிழ் ஐயா சிவப்பு மையால் கேட்டார். நான் அங்கேயும் ஒட்டவில்லை, இங்கேயும் ஒட்டவில்லை.

அந்த வருடம் ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் பெரிய சூரிய கிரகணம். இலங்கையில் பகலே இருட்டிவிட்டது என்றார்கள். எங்கள் ஊரில் சூரியன் தேய்ந்து ஒரு கீற்றாக நின்றது. கிரகணம் என்றால் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் கூடுவார்கள். என்னைப் பெற்ற ஆத்தா பொன்னுத்தாய் பெரிய பித்தளைத் தாம்பாளத்தை வைத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையைச் செங்குத்தாக நிறுத்திவிட்டுக் கையை எடுப்பாள். உலக்கை எந்தப் பிடிமானமும் இல்லாமல் தானாக நிற்கும். கிரகணம் இருக்கும்வரை நிற்கும், விட்டதும் விழும் என்பது நம்பிக்கை. அது விழுகிறவரை யாரும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சிகள் வெளியே தலை காட்டக் கூடாது. முன்பே சமைத்தது இருந்தால் கொட்டிவிட வேண்டும்.

மற்ற வீட்டு உலக்கைகள் நிறுத்தினால் சாய்ந்துவிடும். எங்கள் உலக்கை ஆத்தாவுக்குத் திருமயத்திலிருந்து சீராக வந்தது. என் தாய்மாமன் அங்கே இரும்புக்கடை வைத்திருந்தார். அடியில் தட்டையாக நல்ல கனத்த இரும்புப் பூண் போட்டு அனுப்பியிருந்தார். ஆத்தாவின் கையும் அப்படி. நடுங்காது. வருடம் முழுக்க அப்பா சத்தத்துக்கும் அவருடைய கடலை மூட்டைகளுக்கும் நடுவே இருக்கிற இடம் தெரியாமல் இருப்பாள். கிரகணம் அன்றைக்கு மட்டும் தெருவே அவள் முகத்தைப் பார்க்கும். அன்று அவள் நடையே வேறு மாதிரி இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை நான் உலக்கையைப் பார்க்கவில்லை, வேப்பமரத்து நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இலைச் சந்து வழியாக விழுகிற வெயில் வட்டவட்டமாக இருக்குமே, அதெல்லாம் பிறை பிறையாக மாறியிருந்தது. தரை முழுக்கக் குட்டிக் குட்டிப் பிறைகள்! அந்தச் சந்தோஷத்தை இன்றுவரை நான் மறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பிறைகள் பருத்து மறுபடி வட்டமாகிவிட்டன. கிரகணம் விட்டுவிட்டது. ஆனால் உலக்கை நின்றுகொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து ஒரு கோழி தாம்பாளத்தில் தண்ணீர் குடிக்க வந்து இடித்தது. அப்புறம்தான் விழுந்தது.

"விட்டிருச்சு!" என்று எல்லோரும் கூவினார்கள்.

"கோழில்ல தட்டுச்சு" என்றேன்.

"கோழிக்குத் தெரியும்டி, எப்பத் தட்டணும்னு" என்றாள் பக்கத்து வீட்டுச் செங்கமலத்து அத்தை. எங்கள் கொல்லைக்கும் அவள் கொல்லைக்கும் நடுவே இடுப்பளவு வேலிதான். அவள் வாய்க்கு வேலியே கிடையாது.

எனக்கு அன்றிலிருந்து அரிப்பு. கிரகணம் இல்லாத நாளில் நிறுத்தினால் நிற்குமா, நிற்காதா? ஆத்தாவிடம் கேட்டேன். "வெறும் நாள்ல நிறுத்துறது வீட்டுக்கு ஆகாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். நான் விடுவேனா? எந்த நாள் நல்ல நாள் என்றும் யோசித்து வைத்தேன். சும்மா ஒரு நாளில் நிறுத்தினால், அமாவாசை இல்லையே என்பார்கள். அதனால் அமாவாசையாகவே இருக்க வேண்டும், கிரகணம் மட்டும் இருக்கக் கூடாது. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, சோதிக்கிற ஒன்றை மட்டும் மாற்று என்று பாடப் புத்தகத்தில் போட்டிருந்தது. பாடப் புத்தகத்தை வாழ்க்கையில் யாராவது கடைப்பிடிப்பார்கள் என்று அதை எழுதினவருக்கே தோன்றியிருக்காது.

அடுத்த அமாவாசை ஆடி அமாவாசை. அப்பாவும் ஆத்தாவும் விடியற்காலை பஸ்ஸில் மணமேல்குடிக் கடலுக்கு முழுகப் போய்விட்டார்கள். பஞ்சாங்கம் பார்க்கிற குருக்களும் அந்த பஸ்ஸில்தான் போனார். நான் கொல்லைச் சுவரோரம் காற்றுப் படாத இடமாகப் பார்த்துத் தாம்பாளத்தை வைத்தேன், மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன், உலக்கையை நிறுத்தினேன். மூன்று முறை சாய்ந்தது. நாலாவது முறை நின்றுவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எவ்வளவு நேரம் நிற்கிறது என்று சாயங்காலம் வந்து பார்ப்போம் என்று அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். என் உலக்கை அசையவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தால் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. யாரோ பெரிய தலை சாய்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். உலக்கை வைத்தது வைத்தபடி நின்றது. ஒரு ஆட்டம் ஆடிவிட்டு அதைத் தூக்கினேன்.

"விட்டிருச்சுடியோவ்! கெரகணம் விட்டிருச்சு!" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து செங்கமலத்து அத்தையின் குரல் வானத்தைப் பிளந்தது. தெரு முழுக்கக் கதவுகள் படபடவென்று திறந்தன. கிணற்றடியில் வாளிச் சத்தம். பிள்ளைகளின் அழுகை.

"என்ன கெரகணம் அத்தை?" என்றேன்.

"என்ன கெரகணமா? ஒங்காத்தா போறப்ப ஒலக்கைய நிறுத்திட்டுத்தானே போயிருக்கா! காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படாம கெடக்கோம்."

நடந்தது இதுதான். காலையில் அத்தை வேலி வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். உலக்கை நிற்கிறது. அன்றைக்கு அமாவாசை. வானமோ ஒரே மேகம், சூரியனைக் காணோம். வேறென்ன வேண்டும்? ஆத்தா நிறுத்திய உலக்கை பொய் சொல்லுமா? தெருவுக்கே சொல்லிவிட்டாள். போன அமாவாசைதானே பிடித்தது, அதற்குள் மறுபடியுமா என்று நாலாவது வீட்டு ராக்காயி அக்கா கேட்டிருக்கிறாள். "கலிகாலம்டி. ராகு அடிக்கடி வாரான்" என்று அத்தை பதில் சொல்லியிருக்கிறாள். முன்னோருக்குப் படைக்கச் செய்த வடை, பாயசம், வாழைக்காய்ப் பொரியல் எல்லாவற்றையும் எல்லா வீட்டிலும் சாக்கடையில் கொட்டிவிட்டார்கள். ராக்காயி அக்கா நிறைமாதக்காரி. அவளை இருட்டு அறைக்குள் அடைத்து, நாள் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை.

நான் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பேன். அதோடு நிறுத்தினேனா? "கொட்டுன சோத்தைக் காக்காதானே தின்னுச்சு? முன்னோருக்கு வச்சது முன்னோருக்கே போய்ச் சேந்துருச்சு, விடுங்க" என்றேன். விஞ்ஞானம் சொன்னால்கூட மன்னித்திருப்பார்கள். வாய்க்கொழுப்பை மன்னிக்கவில்லை.

இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய அப்பாவைத் தெருவே வளைத்துக்கொண்டது. அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். வீட்டுக்குள் வந்து என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. "படிச்சது போதும். நாளையிலேருந்து பள்ளிக்கூடம் போக வேணாம்" என்றார். ஒரு வாரத்தில் திருமயத்து மாமாவுக்கு ஆள் போயிற்று. மாமா மகன் கருப்பனுக்கு என்னைக் கட்டிவைப்பதென்று பேச்சு. ஆவணியில் வந்து நாள் குறிப்பதாக மாமா சொல்லியனுப்பினார். கருப்பன் நல்லவன்தான். ஆனால் அவனுக்கு இரும்பைத் தவிர எதுவும் தெரியாது, எனக்கு இரும்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது துருப்பிடிக்கும்போது காற்றிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதுதான். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். எஸ்.எஸ்.எல்.சி.கூட முடிக்காமல் திருமயம் கோட்டைக்குக் கீழே ஆணியும் கீலும் நிறுத்துப் போட்டுக்கொண்டிருக்கப் போகிறேன் என்பதை நினைக்க நினைக்க அழுகை கூடியது.

ஆத்தா என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள். அப்பாவின் கோபத்தைவிட அது பெரிய அடி.

ராக்காயி அக்காவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. நல்ல வேளை, குறை ஒன்றும் இல்லை. தெருவில் அதற்குக் 'கிரகணம்' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பார்க்கப் போனேன். கரித்துக்கொட்டுவாள் என்று பயந்துகொண்டேதான் போனேன்.

அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "ஏண்டி, அந்த ஒலக்கை எதுக்குத்தான் நின்னுச்சு? நாள் முச்சூடும் தாகத்துல கெடந்தவ நான். எனக்காச்சும் சொல்லு" என்றாள்.

என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். புவியீர்ப்பு மையம், செங்குத்துக் கோடு, அடித்தளப் பரப்பு... அவள் கொட்டாவி விட்டாள். பிள்ளையும் கொட்டாவி விட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டென்று மூலையில் சாத்தியிருந்த அவள் வீட்டு உலக்கையை எடுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, குரலைக் கட்டையாக்கி, அந்த உலக்கையே பேசுவதுபோலப் பேச ஆரம்பித்தேன். ராக்காயி அக்கா முதலில் புன்னகைத்தாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் தையல் போட்ட இடம் வலிக்கிறது நிறுத்துடி என்று கெஞ்சினாள். சிரித்து ஓய்ந்தபின், "பூண் தட்டையா இருந்தா நிக்கும். எங்க வீட்டு ஒலக்கையில பூண் தேஞ்சு போச்சு, அதான் நிக்கலை. அம்புட்டுத்தானே?" என்றாள்.

அம்புட்டுத்தான். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் பிடித்த விஷயம் அவளுக்குச் சிரிப்போடு சிரிப்பாக உள்ளே போய்விட்டது. என்னிடம் இருந்த இரண்டு பைத்தியமும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"இதை அப்படியே எழுதிக் குடு. ரேடியோக்காரனுக்கு அனுப்புவோம்" என்றாள் அக்கா. அவள் புருஷன் மலையாண்டி அண்ணன் புதுக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர். பரீட்சைத் தாளில் மிச்சமிருந்த வெள்ளைப் பக்கங்களைக் கிழித்து எழுதினேன். அண்ணன் புதுக்கோட்டையில் தபாலில் போட்டார். அதன்பின் தினமும் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஆவணி வந்தது. மாமா வந்தார்.

அப்போது எங்கள் ஊரில் ரேடியோ என்றால் பஞ்சாயத்து ரேடியோதான். பார்க்கில் ஒரு சின்ன அறைக்குள் அது இருக்கும், மரத்தில் ஒலிபெருக்கி. பொழுது சாய்கிற நேரத்தில் அடைக்கலம் என்பவர் சாவியோடு வந்து திறந்து வைப்பார். ஆண்கள் மணலில் உட்காருவார்கள். பெண்கள் கம்பி வேலிக்கு வெளியே. அந்த ஒலிபெருக்கியின் கரகரப்பும், சுற்றிலும் வறுத்த கடலை வாசனையும், திருச்சி நிலையம் பேசத் தொடங்கியதும் எல்லோரும் ஒருசேர அடங்குவதும் இப்போது நினைத்தாலும் கண்ணைக் கரிக்கிறது. இன்றைக்கு வீட்டுக்கு மூன்று பெட்டி பேசுகிறது, கேட்கத்தான் ஆளில்லை.

அப்பாவும் மாமாவும் சாப்பிட்டுவிட்டு அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலையில் நாள் குறிப்பதாக ஏற்பாடு. நானும் ஆத்தாவும் பெண்களோடு இருந்தோம். கிராமத்தாருக்கான நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. உர விவரம் முடிந்தது. "அடுத்து, ஆலங்குடி நல்லதம்பியின் மகள் செல்வி கண்ணாத்தாள் எழுதியனுப்பியது. 'உலக்கை பேசுகிறேன்'" என்றது ஒலிபெருக்கி.

நான் கம்பி வேலியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு கட்டைக்குரல் ஆள் அதைப் படித்தார். "நமஸ்காரம். நான் உலக்கை பேசுகிறேன். என்னை நெல் குத்தத்தான் செய்தார்கள். வருடம் முழுக்க மூலையில் சாத்திவிட்டு, கிரகணம் வந்தால் மட்டும் தாம்பாளத்தில் ஏற்றிக் கும்பிடுகிறார்கள். எனக்கு ஒரே கூச்சமாக இருக்கிறது. சூரியனுக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. மழைக்கு நனைந்தால் அவர் என்னைக் காய வைப்பார், அவ்வளவுதான் பழக்கம்..." ஆடி அமாவாசைக் கதை அப்படியே வந்தது. வடை வந்தது, பாயசம் வந்தது, 'வேலிக்கு மேலே தலையும் வேலியில்லாத வாயும் கொண்ட ஒரு மகராசி'யும் வந்தாள். யார் பெயரையும் நான் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

முதலில் சிரித்தது ராக்காயி அக்கா. "அது நான்தான்! இருட்டு ரூமுல கெடந்தது நான்தான்!" அடுத்து செங்கமலத்து அத்தை, "அந்த மகராசி யாரு, என்னையா சொல்றான்? ரேடியோவுலயா சொல்றான்?" என்று பக்கத்திலிருந்தவளை உலுக்கினாள். கோபமா பெருமையா என்று அவளே முடிவு செய்யவில்லை. அதற்குள் கூட்டம் மொத்தமும் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. பட்டினி கிடந்தவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"நான் நிற்பது என் பூணால்" என்று ரேடியோ முடித்தது. "என் கனமெல்லாம் கூடுகிற இடத்திலிருந்து நேர்கீழே ஒரு நூலை விட்டுப் பாருங்கள். அந்த நூல் பூணுக்குள்ளே விழுகிற வரைக்கும் நான் விழமாட்டேன். அமாவாசையானாலும் நிற்பேன், வெள்ளிக்கிழமையானாலும் நிற்பேன். கை நடுங்காமல் நிறுத்தத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை வேண்டும், அவ்வளவுதான்."

"பூணு நம்ம கடைப் பூணு மாப்ளை!" என்று மாமா அப்பாவின் தொடையில் தட்டினார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "மாப்ளை, ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்கு ஒங்க வீட்டு ஒலக்கை பேசுது. இதை எங்க வீட்டுக்குக் கட்டிக்கிட்டுப் போனா நாளைக்கு எங்க அம்மி பேசும், ஆட்டுக்கல்லு பேசும். எங்க வண்டவாளம் பூராவும் ரேடியோவுல ஏறிரும். புள்ள படிக்கட்டும். நான் காலை பஸ்ஸுக்குக் கெளம்புறேன்."

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா, "ரேடியோக்காரன் எம்பேரையும் சொன்னான்ல?" என்று கேட்டார். திங்கட்கிழமை அவரே என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆத்தா சிரிக்கவில்லை. பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் தாம்பாளத்தைப் பரணில் ஏற்றிவிட்டாள். அதற்கப்புறம் வந்த எந்தக் கிரகணத்துக்கும் அவள் உலக்கையை நிறுத்தவில்லை. தெருப் பெண்களும் கொல்லைக்கு வரவில்லை. நான் செய்தது தப்பென்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் எனக்குக் கிடைத்தது அவளிடமிருந்து போனதுதான் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. நானும் அவளும் சோறு, குழம்பு, உடம்பு எப்படி இருக்கிறது என்று பேசினோம். உலக்கையைப் பற்றிப் பேசவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். புதுக்கோட்டையில் பி.யூ.சி., திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. பௌதிகம். ஆய்வுக்கூடத்து ஸ்பிரிட் விளக்கின் வாசனை, சனிக்கிழமை மலையாண்டி அண்ணன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முந்திரித் தோப்புகளைப் பார்த்துக்கொண்டே மனத்துக்குள் கட்டுரை கட்டியது, ருஷ்யாக்காரன் வானத்தில் உருண்டையை ஏவிய வருடம் ஹாஸ்டல் மொட்டைமாடியில் கழுத்து வலிக்கத் தேடியது என்று என் நல்ல காலமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ரேடியோவுக்கும் பத்திரிகைகளுக்கும் எழுதி எழுதி அனுப்பினேன். வெயிலைப் பற்றி, தயிர் உறைவதைப் பற்றி, இடியைப் பற்றி. படிப்பு முடிந்ததும், மாம்பலத்தில் ஒரு மாடியில் நடந்துகொண்டிருந்த விஞ்ஞான மாத இதழில் உதவியாசிரியர் வேலை கிடைத்தது. அங்கே யாரும் இது விஞ்ஞானமா கதையா என்று கேட்கவில்லை. இரண்டும் வேண்டும் என்றுதான் சம்பளம் கொடுத்தார்கள். மாதாமாதம் இதழை வீட்டுக்கு அனுப்புவேன். ஆத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. வடகத் தட்டுக்குக் கீழே விரிக்கிறாள் என்று அப்பா எழுதியிருந்தார்.

1962 தை மாதம். எட்டுக் கிரகமும் ஒரே ராசியில் கூடுகின்றன, உலகம் அழியப்போகிறது என்று நாடே நடுங்கியது. எங்கு பார்த்தாலும் ஹோமம், பஜனை. ஊரில் என்ன நடக்கிறதென்று பார்த்து எழுத ஆசிரியர் என்னை அனுப்பினார். எழும்பூரில் ஏறினேன், பெட்டியில் பாதி காலி. சாகிறபோது சொந்த வீட்டில் சாகலாம் என்று முன்பே போய்விட்டவர்கள் போக மிச்சம்.

ஆலங்குடியில் ஒரு வாரமாக ஆட்டையும் கோழியையும் அடித்துத் தின்று தீர்த்திருந்தார்கள். இப்போது பயம் மட்டும்தான் மிச்சம். நான் போய் இறங்கிய அன்று பகல் எங்கள் வீட்டில் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். இத்தனை வருடம் கழித்து அந்தக் கொல்லையில் கூட்டம். ராக்காயி அக்கா மூன்று பிள்ளைகளையும் இறுக்கிக்கொண்டு அழுதாள். ஆறு வயது 'கிரகணம்' அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்திருந்தான். "ஒருத்தர் வீட்டுலயும் ஒலை வைக்கலைடி. இனிமே எதுக்கு? நீ மெட்ராஸ்ல இருக்கவ. நெசமாச் சொல்லு. அழியுமா?" என்றாள் செங்கமலத்து அத்தை. வேலியில்லாத வாய் வறண்டு போயிருந்தது.

நான் சொன்னேன். கிரகங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, ஒரே பக்கம் தெரிவதால் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாது என்று விரலை விரித்து, தட்டுகளை அடுக்கி, எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் சொன்னேன். கேட்டுவிட்டு மறுபடி அழுதார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. அப்புறம் பயம் வந்தது. இவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லத் தெரியும் என்றுதானே நான் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்? அதுவே வரவில்லை என்றால் நான் யார்?

ஆத்தா எழுந்து உள்ளே போனாள். பரணிலிருந்து எதையோ இறக்குகிற சத்தம் கேட்டது. தாம்பாளத்தோடும் உலக்கையோடும் வந்தாள். மஞ்சள்கூடப் போடவில்லை, வெறும் தண்ணீரை ஊற்றினாள். உலக்கையை நிறுத்திக் கையை எடுத்தாள். முதல் தடவையிலேயே நின்றது.

"அய்யோ, நிக்குதே! புடிச்சிருச்சே!" பெண்கள் பெருங்குரலெடுத்தார்கள்.

"சும்மா இருங்கடி!" ஆத்தா அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. உலக்கையைத் தூக்கினாள். மறுபடி நிறுத்தினாள். நின்றது. தூக்கினாள். இன்னொரு இடத்தில் நிறுத்தினாள். நின்றது.

"எப்ப நிறுத்தினாலும் நிக்கும். இவ ரேடியோவுல சொன்னா. நான் நம்பலை. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, நீங்கள்லாம் கோயிலுக்குப் போன பெறகு கதவைச் சாத்திக்கிட்டு நிறுத்திப் பாத்தேன். என்னைக்காச்சும் ஒரு நாள் விழுகும், இவ சொன்னது பொய்னு ஆகும்னு பாத்தேன். ஒரு நாளும் விழலை." ஆத்தா மூச்சு வாங்கினாள். "அதோட கனமெல்லாம் கூடுற எடத்துலேருந்து நேர்கீழ ஒரு நூலை விட்டா, அந்த நூலு பூணுக்குள்ள விழுற வரைக்கும் ஒலக்கை விழாது. அமாவாசைன்னாலும் நிக்கும், வெள்ளிக்கெழமைன்னாலும் நிக்கும். கை நடுங்காம நிறுத்தத் தெரிஞ்ச ஒரு பொம்பளைப் புள்ள வேணும், அம்புட்டுத்தான். இத்தனை வருசமா எங்கையிலதான்டி நின்னுச்சு. ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல. அதை நம்பித்தானே பட்டினி கெடந்தீங்க? இதையும் அப்படித்தான் நம்புறீங்க. போய் ஒலை வைங்க."

ராக்காயி அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு மெல்லச் சிரித்தாள். செங்கமலத்து அத்தை எழுந்து போய், பயந்துகொண்டே உலக்கையைப் பிடித்துத் தானும் ஒருமுறை நிறுத்திப் பார்த்தாள். சாய்ந்தது. மறுபடி நிறுத்தினாள்.

ஆறரை வருடத்துக்கு முன்னால், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே ஒரு முறை கேட்டது. நான்கூட அந்த வரிகளை மறந்திருந்தேன். அவள் ஒரு வார்த்தை விடாமல் வைத்திருந்தாள். தனக்கென்று இருந்த ஒரே பெருமையைத் தானே தெரு நடுவில் வைத்து உடைத்துவிட்டு நின்றாள்.

ஆத்தா என் பக்கம் திரும்பினாள். "சரியாச் சொன்னேனாடி?"

"சரிதான் ஆத்தா."

"அப்ப என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? அரிசியக் களை. நாளைக்கும் திங்கணும்ல?"